வலப்பக்கத்துக் கேடயம்

மச்சான்,

நேற்று உன் மகள் என்னை ஸ்பிரிங்வேல் சந்தைக்குக் கூட்டிப்போனாள். மரவள்ளிக்கிழங்கு வாங்கத்தான் போனோம். போகிற வழியில் ஒரு பழைய சாமான் கடை வாசலில் தகரக் குப்பை வாளி மூடி ஒன்று கிடந்தது. நடுவில் கைபிடி வைத்த, அந்தக் காலத்து வட்ட மூடி. குனிந்து எடுத்தேன். இடக்கை தானாகவே கைபிடியைப் பற்றிக்கொண்டது. கடைக்காரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

எழுபதுகளில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ரிச்மண்டில் அந்தக் கிரேக்க வீட்டுக்கார அம்மாவின் பின்னறையில் நீயும் நானும் இருந்தது நினைவிருக்கிறதா? என்ன கேள்வி இது, நினைவு வைத்திருக்க இப்போது நான் மட்டும்தானே மிச்சம். யாழ்ப்பாணத்தில் நீ கணக்கு வாத்தியார். இங்கே உனக்கு வேலை கொடுத்த பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஆள் இருந்தது, பழைய கிரேக்க வரலாற்றுக்குத்தான் ஆள் இல்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கிரேக்க வீட்டுப் பிள்ளைகள். முதல் நாள் வந்து கதிரையில் தொப்பென்று விழுந்தாய். "அவையின்ர பூட்டன்மாரைப் பற்றி அவையளுக்கே நான் படிப்பிக்க வேணுமாம் மச்சான்!"

அதன்பிறகு அந்த வீட்டுக் குசினிதான் ஏதென்ஸ். நூலகப் புத்தகங்களை அடுக்கிவைத்து எனக்குப் பாடம் சொல்லிப் பழகினாய். பார்லி ரொட்டியும் ஒலிவ் காயும் வெங்காயமும் அவர்கள் சாப்பாடு. குன்றின்மேல் கூடி, கையை உயர்த்தி ஊர் அலுவலைத் தீர்மானிப்பார்கள். பிடிக்காத பெரிய மனிதரின் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப்போட்டு நாடு கடத்துவார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் கை உயர்த்த உரிமை இல்லை என்று நீ சொன்னபோது, அடுப்பில் பருப்புக் கிண்டிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா திரும்பினார். தன் உடைந்த இங்கிலிஷில், இந்தக் குசினியில் சபை என்றால் அது தான் மட்டும்தான் என்றார். நாங்கள் இருவரும் கையை உயர்த்தினோம்.

போர்ப் பாடத்துக்கு வீட்டின் பின்வளவுக்குப் போனோம். ஆளுக்கொரு வாளி மூடி. என்னை இடப்பக்கம் நிறுத்திவிட்டு நீ வலப்பக்கம் நின்றாய்.

"கேடயம் உனக்கு மட்டும் இல்லை. பாதி உனக்கு, மற்றப் பாதி இடப்பக்கம் நிக்கிறவனுக்கு."

"அப்ப வலப்பக்கக் கடைசி ஆளுக்கு ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"அவனுக்கு ஒருத்தரும் இல்லை. அதுதான் நல்லாத் துணிஞ்சவனா அங்க விடுறது."

சொல்லிவிட்டுப் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினாய். மழைக்கோட்டும் வாளி மூடியுமாக நீ நின்ற கோலத்தைப் பார்க்கக் கிரேக்கர்கள் கொடுத்துவைக்கவில்லை.

ஆனால் அந்த நாட்களில் உன் மனம் முழுக்க வேறொன்றில் இருந்தது. நீ இங்கே வந்தபிறகு பிறந்த மகளை நீ படத்தில்தான் பார்த்திருந்தாய். மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட ஓர் அறை வேண்டும். வீட்டுக்கார அம்மாவின் முன்னறை சும்மாதான் கிடந்தது. ஒருநாள் துணிந்து கேட்டாய். அவர் புருவத்தைத் தூக்கி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, நாடியை மெல்ல மேலே உயர்த்தினார். "ஓம் எண்டிட்டா மச்சான்!" என்று துள்ளிக்கொண்டு வந்து, அன்றைக்கே ஊருக்கு எழுதிப்போட்டாய்.

பிறகுதான் உன் வகுப்பில் சோதனை வந்தது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் விளங்கியதா என்று கேட்பாய், கிரேக்கப் பிள்ளைகள் நாடியை உயர்த்துவார்கள், நீ மகிழ்ச்சியோடு அடுத்த பாடத்துக்குப் போவாய். சோதனைத் தாள்கள் வெறுமையாக வந்தன. காரணம் கேட்டபோது, நாடியை உயர்த்தினால் தங்கள் வீட்டில் இல்லை என்றுதான் அர்த்தம் என்று பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

வெளிறிய முகத்தோடு வீட்டுக்கு வந்தாய். "மச்சான், அம்மா அண்டைக்கு ஓம் சொல்லேல்லை." உன் மனைவி அப்போது பிள்ளையோடு கொழும்புக்கு வந்து விமானத்துக்குக் காத்திருந்தாள்.

அம்மாவிடம் மறுபடி கேட்டாய். மறுபடி நாடி உயர்ந்தது. அந்த முன்னறை அவருக்குக் கோயில் மாதிரி. பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா, சுவரில் தெய்வப் படம், அதன் முன்னே எண்ணெய் விளக்கு. அவர்கூட அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் என் பெட்டியைக் கட்டினேன். பின்னறையையாவது உன் குடும்பத்துக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். நீ பெட்டியைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாய். "நீ போனா நான் ஆருக்குக் கேடயம் பிடிக்கிறது?" என்றாய்.

விமானநிலையத்தில் உன்னைக் கண்டு வீரிட்டு அழுத பிள்ளை, வீடு வருவதற்குள் உன் தோளிலேயே தூங்கிப்போனாள். ஓடைபோல நீண்ட அந்த வீட்டு நடைவழியில் நாங்கள் பெட்டிகளோடு நின்றோம். வீட்டுக்கார அம்மா அகப்பையும் கையுமாக வந்தார். "இன்றைக்கு மட்டும்," என்று இங்கிலிஷில் கெஞ்சினாய். அவர் பிள்ளையைப் பார்த்தார். ஊரிலிருந்து வந்த மெல்லிய சட்டையில் அது குளிரில் சுருண்டிருந்தது. அவர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்தார், நம்மூர் ஓம் போலவே. ஆனால் நீ சூடு கண்டவன்.

"மச்சான், இது ஓமோ, இல்லையோ?" என்று என் காதில் கேட்டாய்.

எனக்கும் தெரியவில்லை. அவர் முன்னறைக்குள் போய்ச் சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பர்ரென்று இழுத்துக் கழற்றினார். உன் மனைவி அழுதாள், நீயும் அழுதாய். ஒரு நாளைக்கென்று அந்த அறைக்குள் போன நீங்கள், சொந்த வீடு வாங்கும்வரை அங்கேதான் இருந்தீர்கள். நானும் பின்னறையை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகு எத்தனை தெருக்களில் சேர்ந்து நடந்திருப்போம். எப்போதும் நீ வலப்பக்கம். நீ போன இந்தக் குளிர்காலத்தில்தான் அந்தப் பக்கம் எவ்வளவு காற்றடிக்கும் என்று எனக்குத் தெரிகிறது. உன்னைக் காணவேண்டும் போலிருக்கிறது, மச்சான்.

மூடியை வாங்கிவிட்டேன். உன் மகள், "வாட் ஃபார், அங்கிள்?" என்று கேட்டாள். இடக்கையில் அதைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தேன். வலப்பக்கத்தில் ஒருவரும் இல்லை. கடைசி ஆள் இப்போது நான். துணிந்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கையைக் கீழே விடவில்லை. இடப்பக்கத்தில் உன் பிள்ளை வந்துகொண்டிருந்தாள்.