ஹேடன் கையை மடக்கினார்

கடற்கரைச் சாலை வீடு,
தெற்கு வேல்ஸ்.
நவம்பர் 2021

அன்புத் தம்பி எல்வினுக்கு,

அக்கா எய்ர்லிஸ் எழுதுவது. நீயும் கேரிஸும் பிள்ளைகளும் அடிலெய்டில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மெர்வினைத் தவிர எல்லோரும் இருக்கிறோம். உன் அத்தான் ஹேடனோடு காலமெல்லாம் எஃகு ஆலையில் ஒரே ஷிப்டில் நின்ற அதே மெர்வின்தான். போன மாதம் சூப்பர்மார்க்கெட்டில் பால் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். எழுந்திருக்கவில்லை. பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் காலை நீட்ட வேண்டிய வயசில் அவர் ஏன் பால் அடுக்கினார் என்று நீ கேட்க மாட்டாய் என்று தெரியும்.

போனில்தான் சொல்லலாம் என்று பார்த்தேன். நீ எடுப்பதில்லை. இரண்டு வருஷமாக அக்காவின் பெயரைப் பார்த்தால் உன் போனுக்கு ஜுரம் வந்துவிடுகிறது போல. கடிதம் என்றால் நீ எடுக்காவிட்டாலும் கேரிஸ் எடுத்துப் படிப்பாள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்தே எழுதுகிறேன், அவளுக்கும் புரியட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. பின்கட்டுக் கூரை ஒழுகுகிறது. அக்டோபர் முழுக்க ஒரே மழை. நம் தெருவில் பாதி வீடுகளில் இந்தக் குளிருக்கு ஒரு அறையில்தான் ஹீட்டர் போடுகிறார்கள், நாங்களும் அப்படித்தான். உன் அத்தான் பழைய கார் விற்கிற இடத்தில் காவலுக்குப் போகிறார். ஆலையில் இத்தனை பேருக்கு மேல் தலைவனாக நின்ற மனிதன், இப்போது ஒரு டார்ச் விளக்கும் சோகையான ஒரு நாயும் கூட. நாய்க்கு அவரைப் பிடித்திருக்கிறது. அவர் யாரோடும் பேசுவதில்லை, நாயோடு மட்டும் பேசுகிறார்.

இனி கெரைன்ட் கதை. உன் கல்யாணத்தில் உனக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றானே, அதே கெரைன்ட் புரோதரோ. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆலை கைமாறியபோது பழைய பென்ஷன் திட்டத்தையும் மாற்றப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் புரளி. வேலை பார்த்த காலமெல்லாம் சேர்ந்த பென்ஷன், சாகும்வரை மாதாமாதம் வரும், செத்தபிறகு பெண்டாட்டிக்குப் பாதி வரும் என்று நம்பியிருந்தவர்களுக்குத் தூக்கம் போச்சு. அந்த நேரம் பார்த்து, பணத்தை எங்கே போடலாம் என்று ஆலோசனை சொல்கிற கம்பெனி வைத்திருந்த இவன் ரக்பி கிளப் மாடியில் கூட்டம் போட்டான். பீரும் இறைச்சி அடைத்த சூடான பேஸ்ட்ரியும் அவன் செலவு. “அண்ணே, பென்ஷனை மொத்தமா இப்பவே வெளியே எடுத்துடுங்க, அது கப்பல் மூழ்குறதுக்கு முன்னாடி உங்க மூட்டையைத் தூக்கிக்கிறது மாதிரி. உங்க பணம், உங்க பேர்ல. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனா பிள்ளைங்களுக்குப் போகும்ல” என்று தேனொழுகப் பேசினான். எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ கண்காணாத தேசத்துக் கட்டடத்தில் போட்டான். எடுத்தபோது அவன் கமிஷன் என்று ஒரு வெட்டு, வருஷா வருஷம் ஒரு வெட்டு, கட்டடமும் எழும்பவில்லை. பாதிக்கு மேல் போச்சு. மிச்சமும் கரைந்துகொண்டிருக்கிறது. விட்டுவந்த பழைய திட்டம் மூழ்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. அதில் இருந்தவர்கள் இன்றைக்கும் மாதாமாதம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கேரிஸுக்காக ஒன்று சொல்ல வேண்டும். உருக்கு ஊற்றுகிற கூடத்தில் பேச்சு கேட்காது. கொதிக்கிற எஃகுத் தொட்டி தலைக்கு மேல் கிரேனில் வரும்போது எல்லார் கண்ணும் ஒருத்தர் கைமேல்தான் இருக்கும். கை உயர்ந்தால் நகரணும். முஷ்டி மடங்கினால் நிக்கணும். ஏன் என்று கேட்கிறவன் கேட்டு முடிப்பதற்குள் செத்துப்போவான். அந்தக் கை உன் அத்தானுடைய கை. அவர் ஷிப்டில் ஒருத்தருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை.

அந்தக் கிளப்பில் கெரைன்ட் உன் அத்தானைத்தான் முதல் மேசையில் உட்கார வைத்தான். முதல் பீர் அவருக்கு. பேச்சு முடிந்ததும், “யாரெல்லாம் வர்றீங்க, கையைத் தூக்குங்க” என்று அவரைப் பார்த்துத்தான் கேட்டான். இவர் தூக்கினார். மறுநிமிஷம் ஷிப்டு மொத்தமும் தூக்கியது. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டு அவர்களுக்குப் பழக்கமே இல்லை.

செருப்புக்கடைக்காரர் மகனாகப் பிறந்து பேங்கில் வளர்ந்தவன், ஆலை வாசலைக்கூடத் தாண்டாதவன், இந்தக் கை விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நாலு வருஷமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

விஷயம் வெளியே வந்ததும் அவன் கம்பெனியை இழுத்து மூடினான். ஆறு மாதத்தில் அதே தெருவில், அதே மேசை நாற்காலியோடு, பெண்டாட்டி பெயரில் புதுப் பலகை. வெட்கம் கெட்டவன். அதோடு விட்டானா? நம் ஆண்கள் பாடகர் குழுவில் இன்னும் அவன்தான் தனிக்குரல் பாடுகிறவன். அவன் மொட்டையடித்த ஆட்கள் பின்வரிசையில் நின்று அவனுக்குத் துணைக்குரல் பாடுவார்கள். குழு வேறு, பணம் வேறு என்பார்கள். குழுவுக்கு நிதி திரட்டிய தேநீர் விருந்தில் நான்தான் பரிமாறினேன். அவன் கோப்பையில் மூன்று கரண்டி உப்பு போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். ஊரார் முன்னால் துப்ப முடியாமல் முழுங்கினான் பார், அந்த ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

உப்புத் தேநீரில் பென்ஷன் திரும்பி வராதே. புகார் கொடுத்தால் இழப்பீடு உண்டு என்று புகார் அலுவலகத்தில் சொன்னார்கள். கம்பெனி மூடியிருந்தாலும் அதற்கென்று ஒரு பொது நிதி இருக்கிறதாம். ஒவ்வொருத்தரும் தனித்தனியாகக் கொடுக்கணும், வருகிற மார்ச்சுக்குள் கொடுக்கணும், தவறினால் அவ்வளவுதான். உன் அத்தான் போகவே மாட்டேன் என்றார். “எய்ர்லிஸ், எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் போய் ஏமாந்துட்டேன்னு சொல்வேன்? அவனுங்க ஏமாந்ததே என்னாலதானே” என்பார். கிளப் பக்கமே போவதில்லை. அவர் போகவில்லை என்று மற்றவர்களும் போகவில்லை. மெர்வின் ஒருநாள் எங்கள் வாசல்வரை வந்து, “ஹேடன் எப்பப் போறானோ அப்ப நானும் வர்றேன் அண்ணி, அவசரம் ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அவசரம் இருந்திருக்கிறது.

மெர்வின் அடக்கத்துக்கு வருகிறேன். மெர்வின் பெண்டாட்டி நெஸ்டா அழவே இல்லை, கல் மாதிரி இருந்தாள். குழு பாடட்டும், அவன் மட்டும் என் புருஷன் பெட்டி பக்கத்தில் நிற்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். அவன் கேட்டானா? கறுப்பு கோட்டும் பளபளக்கிற ஷூவுமாக வந்து, “மெர்வினுக்கு நான் செய்ய வேண்டிய கடமை இது” என்று முன்னால் வந்து நின்றான். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று பாட்டு நடத்துகிறவரும் தலையைக் குனிந்துகொண்டார். சேப்பல் கோயில் நிறைந்து வாசலிலும் ஆட்கள். எழுந்து போய் அவனை நாலு அறை விடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். நெஸ்டா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மெர்வினுக்குப் பிடித்த பாட்டுத்தான். முதல் அடி அவன் தனியாகப் பாடணும், இரண்டாம் அடியில் எல்லோரும் சேரணும். பாவி, நன்றாகத்தான் பாடினான். அவன் முதல் அடியை முடிக்கிறான், பாட்டு நடத்துகிறவர் இரண்டு கையையும் தூக்குகிறார், ஆண்கள் எல்லோரும் மூச்சை இழுக்கிறார்கள். உன் அத்தானும் மெர்வினுக்காக அன்று குழுவோடு வரிசை ஓரத்தில் நின்றிருந்தார். வலது கையை மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கினார். முஷ்டியை மடக்கினார்.

ஒரு வாய் திறக்கவில்லை, எல்வின்.

ஆர்கன் மட்டும் கொஞ்ச தூரம் போய்த் தடுமாறி நின்றது. அவன் தெரியாமல் ஒரு வரி தனியாகப் பாடிவிட்டான். குரல் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தான். ஒருத்தர்கூட அவனைப் பார்க்கவில்லை, எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே இறங்கி, ஜனங்கள் நடுவே, அந்தப் பளபளக்கிற ஷூ சத்தம் கேட்க வெளியே போனான். கதவு சாத்தியதும் உன் அத்தான் விரல்களை விரித்துக் கையை உயர்த்தினார். அப்போது பாடினார்கள் பார், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அப்போதுதான் நெஸ்டா அழுதாள். நான் அழவில்லை, சிரித்தேன். சாவு வீட்டில் சிரித்தேன் என்று ஊர் பேசினால் பேசட்டும்.

அடக்கம் முடிந்து கிளப்பில் ஹாம் சாண்ட்விச்சும் தேநீரும். நாலு வருஷம் கழித்து உன் அத்தான் அந்த மாடிப்படி ஏறினார். பழைய ஷிப்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள். “திங்கட்கிழமை நான் புகார் கொடுக்கப் போறேன். வர்றவன் வா. ஆனா இந்தத் தடவை எவனும் என் கையைப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒவ்வொருத்தனும் முழுசாப் படி. புரியலைன்னா கேளு. கேட்டா ஒண்ணும் செத்துப்போக மாட்டே” என்றார். திங்கட்கிழமை பஸ்ஸில் இடம் போதவில்லை. நெஸ்டா, மெர்வின் சார்பில் கொடுத்தாள். புகார் அலுவலகத்துப் பெண் பாவம், இவர்கள் கேட்ட கேள்வியில் மத்தியானச் சாப்பாட்டுக்கே போகவில்லை.

இழப்பீடு வரும் போலத்தான் இருக்கிறது. கூரையை மாற்றலாம், அந்த நாயிடம் விடைபெறலாம். எனக்கு அது போதாது. பணம் பொது நிதியிலிருந்து வருகிறது, அவன் பையிலிருந்து ஒரு பென்னி வரவில்லை. இந்தத் தொழில் செய்ய அவனுக்குக் கொடுத்த அனுமதியை ஆயுசுக்கும் பிடுங்க வேண்டும். அதற்கும் விசாரணை தொடங்கிவிட்டார்கள். அவன் அங்கே என்ன சொல்கிறான் தெரியுமா? “நான் யாரையும் தேடிப் போகலை. அவங்களா வந்தாங்க, அவங்களா கேட்டாங்க” என்கிறானாம். அது பொய் என்று சொல்ல ஆள் வேண்டும்.

இப்போது சொல்கிறேன். அன்று சேப்பலில் அவன் தொப்பியை விட்டுவிட்டுப் போனான். பாட்டு முடிந்ததும் கொடுக்கிற சாக்கில், இன்னும் கிளம்பாமல் நின்ற அவன் கார்வரை போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. “என்கிட்ட ஏன் கத்துறீங்க? உங்க தம்பியைக் கேளுங்க. மொத்த ஷிப்டையும் பிடிக்கணும்னா யாரைப் பிடிக்கணும்னு நான் கேட்டேன். ஹேடன் கை தூக்கினா எல்லாரும் தூக்குவாங்கன்னு சொன்னது யாரு? அதுக்கு அவன் வாங்கிக்கிட்ட பணமும் கொஞ்சம் இல்லையே” என்றான்.

தொப்பியை அங்கேயே சேற்றில் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கூட்டம் நடந்த வருஷம் கோடையில் நீ ஊருக்கு வந்தபோது புதுக் கார் வாடகைக்கு எடுத்திருந்தாய். கிளப்பில் எல்லாருக்கும் நீயே வாங்கிக் கொடுத்தாய். எனக்கு அந்த நீலக் கம்பளிக் கோட்டு வாங்கித் தந்தாய். என் தம்பி நன்றாக இருக்கிறான் என்று தெருவெல்லாம் போட்டுக்கொண்டு திரிந்தேன். நேற்று அதைக் கோயில் தர்மப் பெட்டியில் போட்டுவிட்டேன். அக்காவுக்குக் குளிராது, கவலைப்படாதே.

உன் அத்தானிடம் இதை நான் சொல்லவில்லை. நெஸ்டாவிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கெரைன்ட் உன்னிடம் கேட்டதையும் நீ சொன்னதையும் நீ வாங்கியதையும் விசாரிக்கிறவர்களுக்கு எழுதிக்கொடு. உனக்கும் அதில் அசிங்கம்தான். ஆனால் அவன் அத்தோடு ஒழிந்தான். உன் அத்தான் நாலு வருஷம் ஒரு நாயோடு மட்டும் பேசிக்கொண்டு சுமந்ததில் பாதி உன்னுடையது. வந்து உன் பங்கைத் தூக்கிக்கொள்.

அவர்களுக்கு எழுதுவதற்கு முன்னால் அத்தானிடம் நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை சேப்பல் முடிந்து வந்ததும் இங்கே கூப்பிடு. போன் முன்னறையில்தான் இருக்கிறது. நான் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார். நான் சமையற்கட்டில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன், எனக்கு ஒன்றும் காதில் விழாது.

பாத்திரங்கள் நிறைய இருக்கின்றன. அவசரப்படாமல் பேசு. கடவுள் உனக்கு அந்த ஒரு நாளைக்காவது தைரியம் தரட்டும், கண்ணு.

உன் அக்கா,
எய்ர்லிஸ்