சந்தையில் பார்த்ததற்கு நான் சொன்ன சாட்சி

ஆடி 17, வியாழன். எடப்பாடி.

பள்ளிக்கூடம் விட்டதும், கொலை வழக்கில் ஜெயிலில் இருக்கும் செல்லப்பனின் மனைவி நல்லம்மாள் வக்கீலின் கடிதத்தைக் கொண்டுவந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வேறு யாரிடமும் போகாமல் என்னிடமே வந்தாள்.

படித்துச் சொன்னேன். அப்பீல் தள்ளுபடி. கிணற்றுத் தகராறில் ஆத்திரப்பட்டுப் பங்காளியை வெட்டினான் என்றால் ஆயுள் தண்டனையோடு போயிருக்குமாம். கொலைக்கு முதல் நாள் சந்தையில் அவனும் மச்சானும் தனியாக நின்று பேசியதை வாத்தியார் பார்த்திருக்கிறார். ஆகவே இது கூடித் திட்டமிட்ட கொலை. தூக்குதான் என்று ஹைகோர்ட்டும் சொல்லிவிட்டது.

அந்த வாத்தியார் நான்தான். அது அவளுக்கும் தெரியும்.

"அவங்க பேசுனது உங்க காதுல உளுந்துதுங்களா?" என்றாள்.

"இல்லை அம்மணி."

"வெலைக்கு எருது புடிக்கிறதப் பத்திங்க சாமி. கோர்ட்டுல ஆருமே கேக்கலீங்களே."

உண்மையில் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. பார்த்ததைச் சொன்னேன். காதில் விழுந்ததா என்று யாரும் கேட்கவில்லை, விழவில்லை என்று நானும் சொல்லவில்லை.

கவர்னருக்குக் கருணை மனு எழுதச் சொன்னாள். எழுதினேன். கைநாட்டு வைத்தாள். மனுப் போட்டாலும் பயனில்லை என்று வக்கீல் கடைசியில் எழுதியிருந்த வரியை மட்டும் நான் படிக்கவில்லை.

"நாளைக்கு ஜெயிலுக்குப் போறேனுங்க. வாத்தியாரே எழுதிக் குடுத்துட்டாரு, இனிப் பயமில்லைன்னு அவங்ககிட்டச் சொல்லிர்றேன். வாரேனுங்க சாமி."

கும்பிட்டுவிட்டுப் போனாள்.