கந்தோர்க் கணினியும் நாற்பத்தோராம் வரியும்

மார்ச் 10, திங்கள்

காலை ஒன்பதுக்கே வெக்கை. முரசுமோட்டையில் இருந்து சைக்கிளில் கமக்காரர் அமைப்புக் கந்தோர். அந்த விவசாயச் சங்க அலுவலகத்தில் மூன்று பழைய கணினிகள். விண்டோஸ் திறப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும். மெலிந்த லினக்ஸ் ஒன்று போட்டுப் பார்க்கிறேன் என்று நானே வாயைக் கொடுத்தேன்.

க1: ஒரு ஜிபி நினைவகம். பென் டிரைவில் இருந்து எழும்பியது. ஒன்றரை நிமிடம். நல்லம்.
க2: உள்ளே பல்லி முட்டை ஐந்து. துடைத்தும் எழும்பவில்லை.
க3: ரஞ்சினி அக்காவுடையது. இருபது வருடமாக இங்கே தட்டச்சு அவாதான். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து மல்லாவிக்குப் போயிருக்கிறா. வியாழன்தான் வருவா. வட்டு டிக் டிக் என்கிறது. நாளைக்குப் பார்ப்போம்.

செயலாளர் அண்ணை எட்டிப் பார்த்தார். "பிள்ளை, வெள்ளிக்கிழமை சிறுபோகக் கூட்டம். தண்ணி குடுக்கிற லிஸ்ட் ரஞ்சினியின்ர மெசினுக்குள்ளதான் கிடக்கு. கவனம்."

சவர்க்காரம், பாண் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை.

க3: திரையில் கிடந்த கோப்புகளை எல்லாம் பென் டிரைவில் ஏற்றினேன். பிறகு 'முழு வட்டையும் அழி'. அழுத்தினேன். லினக்ஸ் எழும்ப நாற்பது விநாடி. தனியே இருந்து கை தட்டினேன்.

பிறகு பட்டியலைத் திறந்தேன். குப்பை. எண்கள் மட்டும் சரி. மற்றதெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கடைசி வரியின் தொடக்கத்தை அப்படியே எழுதுகிறேன்:

41. Kj;jk;kh

குப்பை, குப்பை. அந்த டிக் டிக் வட்டு ஏற்றும்போதே கெடுத்திருக்கிறது. திரும்பிப் போக விண்டோஸும் இல்லை, நானே அழித்துவிட்டேன்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கோடைச் சிறுபோக நெல்லுக்கு எல்லாருக்கும் போதாது. பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் தண்ணீர். அம்மா மூன்று வருடம் கந்தோர் கந்தோராக நடந்து, போன வருடம்தான் அவவின் பெயர் ஏறியது. அச்சடித்த தாளைக் கறையான் தின்றுவிட்டது. முந்திய வருடங்களில் கையால் எழுதிய பழைய கொப்பியில் அம்மாவின் பெயர் இல்லை.

அம்மாவின் பெயர் இருந்தது என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அழித்ததும் நான், சொல்வதும் நான்.

மார்ச் 12, புதன்

நித்திரை இல்லை.

பார்த்தவை: வேறு மென்பொருளில் திறந்தேன், அதே குப்பை. க1இல் திறந்தேன், அதே. பென் டிரைவைக் கழற்றி ஊதிச் செருகினேன். படித்த பெண் செய்கிற வேலையா இது? அதே.

ரஞ்சினி அக்காவுக்கு மூன்று முறை அழைப்பு எடுத்து, மணி அடிக்க முதலே வெட்டினேன். பயம்.

செயலாளர் அண்ணை: "லிஸ்ட் வந்திட்டுதோ?"
"நாளைக்குத் தாறன் அண்ணை." பொய்.
"சுணங்கினா பழைய கொப்பியை வைச்சு நடத்துவம். என்ன, கடைசியா சேர்ந்த ரெண்டு மூண்டு பேர்தானே இல்லை."

வாசலில் நின்ற ஒருவர்: "அவையள் பிறகு வந்த ஆக்கள்தானே." எனக்குக் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னார். மலையகத்தில் இருந்து தாத்தா வந்து நாற்பது வருடம் தாண்டிவிட்டது. நான் பிறந்ததே இங்கேதான். கோபம் இப்போதுதான் வருகிறது.

இரவுச் சாப்பாட்டில் அம்மா: "வெதநெல்லுக்குச் சொல்லி வச்சிட்டேன் புள்ள. மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"
தலையிடி என்றேன். தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டா. அது இன்னும் கொடுமை.

மார்ச் 13, வியாழன்

வெயில். எட்டு மணிக்கே கந்தோர் வாசலில் நின்றேன். ரஞ்சினி அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தா. படியிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதும் விட்டேன்.

அவா கதிரையில் இருந்து, கண்ணாடியைச் சேலையில் துடைத்துத் திரையைப் பார்த்தா.

"என்ன பிள்ளை, லிஸ்ட் சரியாத்தானே கிடக்கு."

பகிடி என்று நினைத்தேன். அவா வாசிக்கத் தொடங்கினா. அந்தக் குப்பையை. "ஒண்டு, கந்தையா. ரெண்டு, சிவபாக்கியம். மூண்டு, நாகராசா..." விரல்கள் மேசையில் தாமாகத் தட்டிக்கொண்டிருந்தன.

"எப்பிடி அக்கா?"

"இருபது வருசம் பாமினியில அடிச்ச கை. எந்தக் கட்டை எந்த எழுத்தெண்டு எனக்குத் தெரியாதோ? நீர் விண்டோசோட பாமினியையும் அழிச்சுப் போட்டீர். திரும்பப் போட்டுவிடும், தமிழ் வரும்."

பாமினி எழுத்துரு. அது இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். எனக்குத் தெரியாத விசயம் இல்லை. கலியாண அட்டை அடிக்கிற கடையில் நூறு தரம் பார்த்தது. போனில் மட்டும் தமிழ் எழுதிப் பழகியவளுக்குப் பயத்தில் மூளை கழன்றுவிட்டது.

எழுத்துருவைத் தேடி எடுக்கும்வரை பொறுக்க முடியவில்லை. "கடைசி வரி அக்கா," என்றேன்.

அவா விரலைத் திரையில் வைத்தா. "நாப்பத்தொண்டு. முத்தம்மா, அரை ஏக்கர். உது உம்மட அம்மா எல்லே?"

வீட்டுக்கு வந்து செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். அம்மாவின் பெயரை என் கையாலேயே எழுதி, கீழே குப்பை என்றும் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை மட்டும் வெட்டினேன்.