பெயர் இல்லாத பன்னிரண்டு கவிதைகள்

என் பிரியத்துக்குரிய கமருதீன் அண்ணே,

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் முடிந்துவிட்டது. நம் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு உங்கள் இடத்தில் புது டிரஸ்ஸர் வந்துவிட்டார். உங்களைப் போலவே கொய்னா மருந்து கொடுக்கிறார், ஆனால் கவிதை சொல்வதில்லை. ஜுரக்காரர்களுக்கு அது பெரிய குறை.

உங்கள் உருதுக் கவிதைகளைப் புத்தகமாகப் போடப்போகிறார்கள். ஈப்போவில் உங்கள் ஆம்பூர்க்காரர்கள் சேர்ந்து, உருது வாத்தியார் முன்ஷியைத் தொகுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோலா கங்சாரில் ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். உங்கள் நோட்டு அவர் மேஜைமேல் விரிந்து கிடந்தது. காதல் இருந்தது, இறைவன் இருந்தான், கப்பலேறிய நாள் இருந்தது. காதலியின் கோபம் கொய்னாவாய்க் கசக்கிறது என்றீர்களே, அதுவும் இருந்தது. அப்படிச் சொல்ல வேறு எந்தக் கவிஞனுக்குத் துணிச்சல் வரும்?

ஆனால் பன்னிரண்டு கவிதைகளின் குறுக்கே பென்சில் கோடு. ஈயம் தோண்டும் குட்டையில் குனிந்து மண் அலசும் சீனப் பெண். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போன அஞ்சலை. அவள் திரும்புவதற்குள் லயத்து வீட்டில் மூச்சு அடங்கிப்போன குழந்தை. எல்லாம் அந்தப் பன்னிரண்டில்தான்.

"இதெல்லாம் அவருது இல்லே தம்பி," என்றார் முன்ஷி. "கடைசி ஈரடியிலே கவிஞர் தன் புனைபேரை வைக்கணும், அதான் எங்க வழக்கம். மத்ததிலே வச்சிருக்காரு, இதிலே இல்லியே?"

"கையெழுத்து அவருதுதானே?"

"பிடிச்சுப்போனா அடுத்தவங்க கவிதையையும் இதிலேயே எழுதி வச்சிருக்காரே. எதை நம்புறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது அண்ணே. அந்தப் பெயரை எடுக்கவைத்தவன் நான்தானே! அஞ்சலையின் கதையை உங்களிடம் சொன்னதே நான். நீங்கள் கவிதையாக்கித் தமிழில் விளக்கியபோது அழுதேன், அழுத கையோடு பயந்தேன். "பேரை எடுத்துடுங்கண்ணே. யாராச்சும் துரைகிட்ட போட்டுக் கொடுத்தா, உங்களுக்குச் சேதி என் வாயால வந்ததுன்னு தெரிஞ்சுபோகும், கணக்கெழுதுற கிராணி வேலை போயிடும்," என்றேன். "உனக்கு நாலு புள்ளைங்க இருக்கு இல்லே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைசி ஈரடியை மாற்றினீர்கள். அடுத்த பதினொன்றிலும் பெயர் இல்லை. என்மேல் கோபமா, இரக்கமா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

முன்ஷியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பியா? புத்தகத்து முன்னாடி போடணும். துரை காதுக்குப் போகும், யோசிச்சுக்கோ."

"போகட்டும்லா," என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவர் பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தார். காதலுக்கு ஒரு கவிஞர், கூலிக்காரிக்கு ஒரு கவிஞர் என்று இனி உங்களை யாரும் கூறு போட முடியாது.

இந்தக் கடிதத்தைத் தமிழ்ப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். அஞ்சலைக்கு யாராவது படித்துக் காட்டட்டும். தன் பிள்ளை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். துரை கூப்பிட்டால் போய் நிற்பேன். எழுதியது யார் என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வேன். சொன்னது யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்வேன். இது சத்தியம்.

இனி உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளியாத தம்பி,
தோட்டத்துக் கிராணி சவரிமுத்து