மேட்டில் ஒரு குழியா, இரண்டா

வைத்தோலோ, பிஜி
12.10.2024

அன்புள்ள தக்ஷா,

நீர் நலமென்று மகள் நிருஜா தொலைபேசியில் சொன்னாள். இங்கே பெருக்கு நாட்களில் கடல் சமையலறைக்குள் வருகிறது. காலையில் மீன்குஞ்சுகள் பானைகளைச் சுற்றி நீந்தும், கனவென்றே நினைப்பீர். மாசிக்குள் ஊர் முழுவதும் மேட்டுக்கு ஏறுகிறது. நான் வேலைக்கென்று வந்து போட்ட தண்ணீர்க்குழாய் முதலே ஏறிவிட்டது.

இவர்கள் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து அதன்மேல் ஒரு தென்னை நடுவார்கள். அந்த மரங்கள் இப்போது உப்புநீரில் நிற்கின்றன. ஆகவே மேட்டில் ஆளுக்கொரு புதுக் கன்று; கொடிக்குப் பதிலாகத் தலைமுடி. எனக்கும் காணி தந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மெரே கேட்டதை எங்கள் பேச்சில் சொன்னால்: "உன்ர மனிசிக்கு மரம் இல்லையோ? அவ என்ன, பேயோ?"

ஒரு முடி அனுப்பும். நீரே வந்தால் இன்னும் நல்லது. நான் இங்கேயே இருந்துவிடலாமென்று நினைக்கிறேன்.

குகதாசன்


மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
9.11.2024

குகதாசனுக்கு,

ஆறு மாதமென்று போனீர்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டது. இப்போது முடி கேட்கிறீர்கள். கடிதத்தை நிருஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்பாவுக்கு விசர் எண்டு எழுதுங்கோ அம்மா, பெரிய எழுத்தில" என்றாள்.

நான் மண் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். முடியைப் பற்றி எந்த மண்ணும் எனக்கு எதுவும் சொன்னதில்லை. அந்த மேட்டு மண் என்ன நிறம்? மழைநீர் வடிகிறதா? கன்றுகளுக்கிடையே இருபத்தைந்து அடி விடுகிறார்களா?

போவதென்று முடிவெடுத்தபோது நீங்கள் என்னைக் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அறிவித்தீர்கள். வெயிலில் தொப்பி போடுங்கள்.

தக்ஷாயினி


வைத்தோலோ
5.12.2024

அன்புள்ள தக்ஷா,

செம்மண். எங்கள் யாழ்ப்பாணத்து மண்ணைவிடக் கொஞ்சம் கருமை. நன்றாக வடிகிறது. இடைவெளிக் கணக்கை மெரேயிடம் சொன்னேன். "கெட்டிக்காரி. பிறகேன் உன்னைக் கட்டினவ?" என்றார்.

நேற்று ஊரார் ஒவ்வொருவராகத் தங்கள் பழைய மரத்திடம் போனார்கள். முழங்காலளவு தண்ணீரில் நின்று, தோளில் கைபோடுவதுபோல மரத்தில் கைவைத்து, ஏதோ கதைத்துவிட்டுத் திரும்பினார்கள். யாரும் அவசரப்படவில்லை.

மாசி நடுவில் நடுகை. எனக்கு ஒரு குழியா, இரண்டா என்று கேட்கிறார்கள். இந்தமுறை நான் உம்மைக் கேட்கிறேன்.

குகதாசன்


மோர்டென்ஸ்ருட்
6.1.2025

குகன்,

உங்கள் கடிதத்தை ரயிலில் வாசித்தபடியே தூங்கிவிட்டேன். மோர்டென்ஸ்ருட் கடைசி நிலையம், தவறவிட வழியில்லை. இறங்கியபோது பனி பொழிந்துகொண்டிருந்தது. விளக்குக் கம்பங்களெல்லாம் வெள்ளை ஓலை விரித்து, ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையதாக நின்றன. நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. ஆனாலும் கொஞ்சநேரம் நின்று பார்த்தேன்.

எனக்குப் பதினெட்டு வயதில், சண்டைக்குப் பயந்து ஊரோடு நாங்கள் யாழ்ப்பாணத்தைவிட்டு நடந்த அன்று எந்த மரத்திடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இந்தக் குளிரில் ஊன்றிக்கொள்ள எனக்கு இருபது வருடம் பிடித்தது. இன்னொரு முறை முடியாது. நான் வரமாட்டேன். உங்களையும் வாருங்கள் என்று கேட்கமாட்டேன். அங்கிருந்து வரும் கடிதங்களில் நீங்கள் சிரிக்கிறீர்கள். இங்கே கேட்டு எவ்வளவோ காலம்.

ஆனால் இரண்டு குழி வெட்டுங்கள். மடித்த தாளுக்குள் ஒரு முடி இருக்கிறது. நரைத்ததுதான், இப்போதைய நான் அதுதான். எழும்பிப் போ என்று யாரும் சொல்லாத ஒரு மேட்டில் என்னுடையதும் ஒன்று நிற்கட்டும்.

இருபத்தைந்து அடியை மறக்காதீர்கள். கிட்ட நட்டால் இரண்டுமே வளராது.

தக்ஷா