அப்பா சொல்லாத யோசனை

திருவனந்தபுரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி தணிந்ததா? அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

போனில் சொல்ல வெட்கமாக இருந்ததை எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் பாய்மரப் படகு வாங்க வருபவர்களிடம், கம்ப்யூட்டரில் படித்ததையெல்லாம் "மீன்பிடிக்கப் போற எங்க அப்பா சொல்வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நம்புகிறார்கள்.

நேற்று படகு வாங்க ஜெயன் சார் என்று ஒருவர் வந்தார். அவரும் மனைவியும் மட்டும் நாள்கணக்கில் கடலில் போக எந்தப் படகு நல்லது என்று கேட்டார். பெரிய படகுதான் பத்திரம் என்று நீங்கள் சொல்வதாகச் சொன்னேன்.

"கடலில போற ஆளு சொன்னா பின்னே எந்தா யோசிக்கான், மோளே?" என்று மலையாளம் கலந்து சொல்லி, மேற்கொண்டு யோசிக்காமல் பெரியதையே முடிவு செய்துவிட்டார்.

அவர் போன பிறகுதான் பயம் வந்தது. காற்று ஏறினால் அவ்வளவு பெரிய பாயை இரண்டு பேரால் இறக்க முடியுமா? அடுத்த வாரம் கையெழுத்துப் போட வருகிறார். அதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுவேன். ஆனால் நீங்கள் உண்மையில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. கடலைப் பற்றி உங்களிடம் ஒன்றுமே கேட்டதில்லை.

நாகர்கோவில் பஸ்ஸில் யாராவது வந்தால் அம்மாவின் பழைய சேலை ஒன்று கொடுத்துவிடுங்கள். ஹாஸ்டல் போர்வை போதவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிடுங்கள், அப்பா. "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடாதீர்கள்.

அவசரத்தில்,
உங்கள் மகள் ஜெபமலர்