தலைப்பில் இடமில்லாத சொல்

டன்ஹாம் ஃபால்ஸ், நியூயார்க்
மார்ச் 14, 1932

அன்புள்ள வெர்னாவுக்கு,

ஆகஸ்டா எழுதுகிறேன். எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் தீப்பிடித்த செய்தி பஃபலோ வரை வந்து உன் காதில் விழுந்திருந்தால், பதறாதே. நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை தோல் வெட்டும் அறையில் பிடித்த தீ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்படிக்கட்டுக்குப் பரவிவிட்டது. பின்கதவு வழியாகத்தான் வந்தோம். ரோஸுக்குக் கணுக்கால் சுளுக்கு. வேறு ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கதவு பூட்டாமல் இருந்தது உன்னால். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தோலைத் திருடிக்கொண்டு போய்விடுவோம் என்று முதலாளி அதைப் பூட்டியே வைத்திருந்தார். வேலை நேரத்தில் திறந்து வையுங்கள் என்று கேட்டுத்தான் அக்டோபரில் நாங்கள் தையலை நிறுத்திவிட்டு வாசலில் நின்றோம். மறுநாள், நீ அப்போது இங்கே வேலை பார்த்த பத்திரிகையில் கொட்டை எழுத்தில், ‘கையுறை கேர்ள்ஸ் வேலைக்கு மட்டம்’ என்று வந்தது. எனக்கு ஐம்பத்தொரு வயது. ரோஸ் பேரன் எடுத்துவிட்டாள். இறைச்சிக் கடை ஓட்டோ என்னைப் பார்த்து, “என்ன பாப்பா, இன்னிக்கு ஸ்கூல் லீவா?” என்றார். முறையிடப் போனபோது மேயர் எங்களைப் பார்க்கவே இல்லை. “சின்னப் பொண்ணுங்க, ரெண்டு நாள் அழுதுட்டு உள்ள போயிடும்” என்று சொல்லியனுப்பினார்.

நான் உன்னிடம் வந்து கேட்டபோது நீ சொன்னது நினைவிருக்கிறது. “நான் விமன்னுதான் எழுதினேன், ஆகஸ்டா. ஆசிரியர்தான் மாத்திட்டார். தலைப்புல இடம் பத்தாதாம். கேர்ள்ஸ், விமன் ரெண்டுக்கும் அஞ்சு எழுத்துதானேன்னு கேட்டேன். அச்சுல டபிள்யூவும் எம்மும் குண்டாம், ஐயும் எல்லும் ஒல்லியாம்” என்றாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரில் எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் அப்படித்தான். விமானம் ஓட்டினாலும் கேர்ள், கடையில் துணி விற்றாலும் கேர்ள், எழுபது வயதில் குளத்தில் நீந்தினால்கூடக் கேர்ள்.

அன்று மத்தியானமே நீ வாசலுக்கு வந்து ஒவ்வொருத்தியிடமும் பெயர், வயது, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டாய். ஆசிரியர் ப்ளைஸ் சாப்பிடப் போன நேரத்தில் அச்சுக்கோர்ப்பவரிடம் நீயே கொண்டுபோய்க் கொடுத்தாய். ‘கதவைத் திற: விமன்’ என்று தலைப்பு, கீழே நாங்கள் எல்லோரும், பெயரும் வயதுமாக. மறுநாள் ஓட்டோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “மிஸஸ் கெஸ்லர், எலும்பு கொஞ்சம் சேர்த்துப் போட்டிருக்கேன், சூப்புக்கு ஆகும்” என்றார். மேயரின் மனைவி தேவாலயப் பாடகர் குழுவில் தன் பக்கத்தில் நிற்கிறவர்களின் பெயர்களைப் பார்த்துவிட்டு வீட்டில் என்ன சொன்னாளோ, மேயர் முதலாளியிடம் பேசி, அந்த வாரமே பூட்டு போய்விட்டது.

அதே வாரம் நீயும் போய்விட்டாய். “பஃபலோவுல பெரிய பத்திரிகையில கூப்பிட்டாங்க” என்றாய். எங்களுக்குப் பெருமையாக இருந்தது; ப்ளைஸ் உன்னை என்ன சொன்னார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ரயிலடிக்கு வந்து கையாட்டினோம்.

தீ பற்றிய செய்தியில் ப்ளைஸ் என்ன போட்டார் தெரியுமா? ‘முப்பது விமன் தப்பினர்’. வரியை இரண்டாக உடைத்திருந்தார். இடம் கிடைத்துவிட்டது. ரோஸ் அதை வெட்டி அடுப்படியில் ஒட்டியிருக்கிறாள்.

ரோஸின் நாத்தனார் பஃபலோவில் இருக்கிறாள். ரயிலடிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தி உன் சாடையாக இருந்தாளாம். நாத்தனாருக்குக் கண் அவ்வளவு சரியில்லை. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

என் மாடியறை காலியாக இருக்கிறது. கீழே அடுப்பு எரிவதால் மேலேயும் கதகதப்பாக இருக்கும். பக்கத்து ஊரில் வாரப் பத்திரிகை நடத்தும் மிஸஸ் ஃபென்னுக்கு எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமாம். உன் பெயரைச் சொன்னதும், “அந்தக் கதவுச் செய்தி எழுதினவங்களா? எப்ப வருவாங்க?” என்று கேட்டாள். வருவாய் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. ஈஸ்டருக்கு ரோஸ் பன்றித்தொடை வேகவைக்கிறாள். உனக்கும் சேர்த்துத்தான் வாங்கப் போகிறாள்.

தீப்பிடித்த அன்று மாலை முப்பது வீடுகளிலும் அம்மா வந்து அடுப்பு மூட்டினாள், வெர்னா. கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். குளிரில் நிற்காதே. ரயில் ஏறு.

என்றும் உன்,
ஆகஸ்டா கெஸ்லர்